காபன் தாளில் ஒரு தெரு

அப்பா போய் நாலு வருஷம் கழித்துத்தான் அவருடைய பச்சைத் தகரப் பெட்டியைத் திறந்தேன். அதற்குள் இருப்பது எங்கள் வீட்டுச் சமாச்சாரம் மட்டும் இல்லை என்று தெரியும். அதனால்தான் இத்தனை நாள் தயக்கம்.

உள்ளே சணல் கயிற்றால் கட்டிய கட்டுகள். ஒன்றைத் தவிர ஒவ்வொன்றின் மேலும் நீல மையில் ஒரு வீட்டு இலக்கம்: 7, 9, 11, 14, 16, 22. பெயர் எதிலும் இல்லை. கட்டுகளைப் பிரித்தால் எல்லாம் காபன் பிரதிகள். ஏறக்குறைய அறுபது வருஷம் எங்கள் தெருக்காரர்களுக்காக அப்பா எழுதிய மனுக்கள்.

அப்பா பெட்டிசம் எழுதுகிறவர். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தத் தொழில் தெரிந்திருக்காது. காலையில் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, வெளியே ஒரு சின்ன மேசை, ஒரு முக்காலி, ரெமிங்டன் தட்டச்சு மெஷின். வருகிறவர்கள் தங்கள் வயிற்றெரிச்சலை வாயால் சொல்வார்கள். அப்பா அதை அலுவலகத்துக்குப் புரிகிற மொழியில் ஒரு பக்கத்துக்குள் அடக்குவார். தமிழ், ஆங்கிலம் இரண்டும் தோட்டப் பள்ளிக்கூடத்திலும் கண்டியில் ஒரு டைப்பிங் வகுப்பிலும் படித்தது. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த பிறகு, பிழைப்புக்காகச் சிங்களமும் எழுதப் பழகினார். மாலையில் வீட்டு விறாந்தையில் தெருக்காரர்களுக்கு எழுதுவார். அதற்குக் காசு கிடையாது. ஒரு சீப்பு வாழைப்பழம், அரை இறாத்தல் சீனி, பெருநாள் என்றால் வட்டலப்பம்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மனுவின் கடைசியில் எல்லாரும் எழுதுகிற "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பதை அவர் எல்லாருக்கும் எழுத மாட்டார். "கேக்குறது பிச்சைனா தாழ்மையாக் கேளு. உரிமைனா சும்மா கேளு" என்பார். பிரதிகளைப் புரட்டும்போது, எந்த மனுவில் அந்தச் சொல் இருக்கிறது, எதில் இல்லை என்று என் கண் தானாகவே தேடுகிறது.

எங்கள் தெரு கண்டியின் திருகோணமலை வீதியிலிருந்து பிரிந்து மேட்டில் ஏறுகிற ஒரு குறுக்குத் தெரு. இருபத்தெட்டு வாசல். காலையில் பாங்கு, பிறகு தலதா மாளிகைப் பக்கமிருந்து மேளம், வெள்ளிக்கிழமை என்றால் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற பெண்களின் பூக்கூடை. திருகோணமலை வீதிக்கு இப்போது டி.எஸ். சேனாநாயக்க வீதி என்று பெயர். அந்தப் பெயரை அப்பா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. முகவரி எழுதவேண்டிய இடத்தில் மட்டும் ஒழுங்காக எழுதுவார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது சேனாநாயக்கதான் பிரதமர். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த வம்சமான எங்கள் குடும்பத்தை அந்தச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. அப்பாவுக்கு அப்போது பத்து வயது.

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லய அறைகளில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புப் பத்திரம் இருக்கும்? மறுவருஷம் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கென்று இன்னொரு சட்டம் வந்தது. 1946க்கு முன் கல்யாணமானவர்கள் ஏழு வருஷம், ஆகாதவர்கள் பத்து வருஷம் இங்கே தொடர்ச்சியாக வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். 8 இலட்சத்துக்கும் அதிகமான ஆட்களுக்கு விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

எங்கள் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடி வெட்டுகிறவர். 1940இல் அவருடைய தாய் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் செத்துப்போனார். கருமாதிக்குப் போன தாத்தா, ஒரு வரப்புச் சண்டையில் மாட்டிப் பதினாலு மாதம் அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று சட்டம். இரண்டு மாதம்தான் கூட. அப்பா பெட்டிசம் எழுதுகிறவர் ஆனதே அந்த இரண்டு மாதத்தால் என்று நினைக்கிறேன். தாத்தாவுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கணக்கப்பிள்ளை கேட்கப்படாத கேள்விக்கும் பதில் எழுதிவிட்டார் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே. மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. 1974இல் அதையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தை நாங்கள்தான் நிரப்ப வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் பெரியப்பா இந்தியாவுக்கு எழுதினார். அப்பா இலங்கைக்கு எழுதினார். இரண்டு படிவத்தையும் தட்டியது ஒரே மெஷின். இரண்டு பிரதியும் ஒரே கட்டில் இருக்கின்றன. எங்கள் இலக்கம் 14.

மலைநாட்டிலிருந்து தலைமன்னார்த் துறைக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. 1978இல் கண்டி ஸ்டேஷனில் நான் அதைப் பார்த்தேன். எனக்கு ஆறு வயது. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்து, சாவு வீட்டில் பாடுகிற அதே இராகத்தில் பாடினார்கள். பெரியப்பாவோடு அப்பாயியும் போனார். அவர் பிறந்தது புசல்லாவை. கடலையே பார்த்ததில்லை. மூத்த மகனோடுதான் தாய் இருக்க வேண்டும் என்று அவராகவே முடிவெடுத்தார்.

போகும்போது அம்மிக்கல்லை எடுத்துப்போக வேண்டும் என்று ஒரே அடம். கல்லைத் தூக்க முடியாது என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் குழவியை மட்டும் ஒரு பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். "கல்லு இங்கன கெடக்கட்டும். நான் திரும்பி வருவேன்ல" என்றார். திரும்பி வரவில்லை. அவர்கள் மண்டபம் முகாமில் இறங்கி, கோத்தகிரியில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயும் கொழுந்து, அங்கேயும் குளிர். அங்கே அவர்களுக்கு "சிலோன்காரங்க" என்று பெயர். அம்மி இன்னும் எங்கள் சமையலறை வாசலில் கிடக்கிறது. அதற்குப் பிறகு அம்மா வாங்கிய எந்தக் குழவியும் அந்தக் கல்லில் படியவில்லை. நடுவில் குழிந்த கல்லுக்கு, அதோடு சேர்ந்து தேய்ந்த குழவிதான் பொருந்தும்.

அப்பாவின் இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம் 1982இல்தான் கையில் கிடைத்தது. அதுவரை தெருவில் எல்லாருக்கும் காகிதம் எழுதிக்கொடுத்த மனுஷனுக்குத் தனக்கென்று ஒரு காகிதம் இல்லை.

எங்கள் தெருவில் அப்படி இன்னொருவரும் இருந்தார். 11ஆம் இலக்கம், சீனப் பல் வைத்தியர். கண்ணாடிப் பெட்டிக்குள் பல் செட்டுகள், சிவப்பு எழுத்தில் பெயர்ப் பலகை. அவருடைய தகப்பன் சீனாவில் ஹூபெய் மாகாணத்திலிருந்து வந்தவர். இவர் பிறந்தது கண்டியில். தமிழ் பேசுவார், சிங்களம் பேசுவார். வீட்டுக்குள் மனைவியோடு மட்டும் சீனம். இவர்கள் எந்த ஒப்பந்தத்திலும் வரவில்லை. பெரிய கூட்டமாக இருந்தால் இரண்டு அரசாங்கம் உட்கார்ந்து பங்கு பிரிக்கும், சில நூறு பேருக்கு யார் உட்காருவார்கள்? வருஷத்துக்கு வருஷம் வதிவிட விசாவைப் புதுப்பிக்க வேண்டும். அவருடைய கட்டில் ஒரே மனு, திகதி மட்டும் மாறி மாறி, இருபத்தாறு தடவை. மாலையில் இரண்டு பேரும் எங்கள் விறாந்தையில் கேரம் ஆடுவார்கள். நாடற்றவர் இரண்டு பேர் ஆடுகிறார்கள் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பத்திரம் வந்த அன்று, பல் வைத்தியர் அதை விளக்குக்குக் கீழே பிடித்து, முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சீன வம்சாவளியினருக்கென்று இலங்கையில் தனிச் சட்டம் வந்தது 2008இல். அப்போது அவர் உயிரோடு இல்லை. அந்த வருஷமே அவருடைய மனைவிக்கான விண்ணப்பத்தை அப்பா நிரப்பினார். மனைவிக்குக் கிடைத்தது.

22ஆம் இலக்கத்துப் பறங்கிக் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. ரயில் என்ஜின் டிரைவர். நான் பிறக்குமுன்னரே மெல்பேர்னுக்குப் போய்விட்டார்கள். அப்போது ஆஸ்திரேலியாவில் வெள்ளையருக்கு மட்டும் என்ற கொள்கை. உடம்பில் எவ்வளவு ஐரோப்பிய இரத்தம் என்று வம்ச வரிசையோடு காட்ட வேண்டும். அப்பா அவர்களுக்காகத் தட்டிய பட்டியல் கட்டில் இருக்கிறது: ஒல்லாந்தர் காலம் வரைக்கும் பாட்டன் பூட்டன் பெயர்கள். மூத்த மகள் கொஞ்சம் மாநிறமாம். படம் பிடிக்கும்போது முகத்துக்கு அதிகமாகப் பவுடர் போடச் சொன்னாளாம் தாய். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

9ஆம் இலக்கத்து மலாய் ஆன்ட்டிக்கு அதிகம் மனு எழுத வேண்டியிருக்கவில்லை. அவருடைய முன்னோர் வெள்ளைக்காரனின் இலங்கை ரைபிள் படையில் சிப்பாய்கள். 1873இல் படையைக் கலைத்தபோது கண்டியிலேயே தங்கிவிட்டவர்கள். ஆனால் ஆன்ட்டி இல்லையென்றால் இந்தப் பெட்டியே இல்லை. 1983 ஜூலைக் கடைசி வாரம் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. திருகோணமலை வீதியிலிருந்து புகை எங்கள் மேட்டுக்கு ஏறி வந்தது. ஆன்ட்டி ஓடிவந்து, அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மெஷினையும் பச்சைப் பெட்டியையும் இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் கட்டிலுக்குக் கீழே தள்ளி, தொழுகைப் பாயை விரித்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். எங்களை 16ஆம் இலக்கத்து வீட்டார் தங்கள் பின்னறையில் மூன்று இரவு வைத்திருந்தார்கள். சிங்களக் குடும்பம். நாங்கள் அந்த அம்மாவை நெந்தா என்போம், சிங்களத்தில் அத்தை. வாசலுக்கு ஆட்கள் வந்து கேட்டபோது, நெந்தாவின் மூத்த மகன், பதின்மூன்று வயதுப் பொடியன், "இங்க யாரும் இல்லை" என்று சிங்களத்தில் சொன்னான். பின்னறையில் அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்தக் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

பெட்டியிலேயே தடித்த கட்டு 16ஆம் இலக்கத்துடையது. முழுக்கச் சிங்களம். முதல் மனுவின் திகதி 1989 நவம்பர். ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசாங்கம் அடக்கிய அந்த வருஷம், மகாவலி ஆற்றில் பிணங்கள் மிதந்ததைப் பார்த்தவர்கள் கண்டியில் இன்னும் இருக்கிறார்கள். "இங்க யாரும் இல்லை" என்று சொன்ன அந்தப் பொடியனுக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்தான். ஒரு இரவு இலக்கத் தகடு இல்லாத ஒரு வாகனம் வந்தது. காலையில் நெந்தா எங்கள் வாசலில் நின்றார். அழவில்லை. "அண்ணே, எழுதுங்க" என்றார். அப்பாவிடம் சிங்கள மெஷின் இல்லை. கையால் எழுதினார். மூன்று பிரதிக்குக் காபன் வைத்து அழுத்தி எழுதியதில் மேல்தாள் சில இடங்களில் கிழிந்திருக்கிறது.

முகாமுக்கு, பொலிஸுக்கு, அமைச்சருக்கு, செஞ்சிலுவைக்கு. 1994 கடைசியில் காணாமற்போனோரை விசாரிக்க மாகாணங்களைப் பிரித்து ஆணைக்குழுக்கள் வந்தபோது அதற்கு. 1995இல், காணாமற்போனவர்களுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்கலாம் என்று ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. பத்திரம் எடுத்தால் நட்டஈடு கிடைக்கும். நெந்தாவின் கணவர் எடுப்போம் என்றார். நெந்தா மறுத்துவிட்டார். இந்த இடத்தில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு மனு, அனுப்பாமலே விட்டது. படிவத்தில் "மரணித்த திகதி" என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. பக்கத்தில் பென்சிலால் தமிழில் ஒரு குறிப்பு: "அக்கா சொல்ல மாட்டேன் என்கிறார். நானும் கேட்கக் கூடாது."

மொத்தம் முப்பத்தொரு மனு. ஒன்றில்கூட "தாழ்மையுடன்" இல்லை.

போன வருஷம் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு 16ஆம் இலக்கத்துக்குப் போனேன். நெந்தாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கண்ணில் திரை. முதல் மனுவை வாசிக்கச் சொன்னார். என் சிங்களம் அப்பாவின் சிங்களம் மாதிரி இல்லை, தடுக்கித் தடுக்கி வாசித்தேன். மகன் உடுத்தியிருந்த உடுப்பைப் பற்றிய வரி வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். நீலக் கோட்டுச் சட்டை என்று இருந்தது. "அது பச்சை" என்றார். "அன்றைக்கு அண்ணனிடம் நீலம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமும் எல்லாக் கடிதத்திலும் நீலம் என்றே போயிருக்கிறது." அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கவில்லை. என்னை எழுதச் சொன்னார். நீலத்தை வெட்டிப் பச்சை என்று எழுதினேன். முப்பத்தொரு பிரதியிலும் எழுதி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

இலக்கமில்லாத கட்டும் ஒன்று உண்டு. மேலே "தெரு" என்று மட்டும் இருக்கிறது. அது மகியாவையிலிருந்து வந்து எங்கள் தெருவைக் கூட்டிய அக்காவுடையது. அவருடைய பாட்டன் காலத்திலேயே நகரசபை வேலைக்கு வந்த குடும்பம். வீடு மகியாவையில் இருந்தாலும், விடியக் கருக்கலிலிருந்து பத்து மணி வரை அவர் எங்கள் தெருவில்தான். அவருக்கு வைத்த பெயர் ஊர்த் தெய்வத்தின் பெயர். பிறப்புப் பதிவில் கடைசி எழுத்து விழுந்துவிட்டது. கல்யாணப் பதிவில் நடு எழுத்து மாறிவிட்டது. அடையாள அட்டையில் சிங்களத்தில் எழுதி, அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதி, வேறொரு பெண்ணின் பெயரே ஆகிவிட்டது. ஓய்வூதியத்துக்குப் போனபோதுதான் இது பிரச்சினை ஆனது. மூன்று பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று அப்பா சத்தியக் கடதாசி தயாரித்தார். வாசித்துக் காட்டியபோது அக்கா கேட்டார்: "அப்ப இம்புட்டு நாளா மூணு பேரா சம்பளம் வாங்குனாங்க? ஒரு பேருக்குத்தானே குடுத்தாக?" மலையகத்தில் இந்தப் பெயர்க் கொடுமை இன்னும் தீரவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களைப் பார்க்கும்போது இன்றைக்கும் கை பதறுகிறது. ஒரு எழுத்துக்காக அந்த அக்கா ஆறு வருஷம் நடந்தார்.

7ஆம் இலக்கத்து நானாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். புடவைக் கடைக்காரர். அப்பாவைவிட இரண்டு வயது இளையவர். எங்கள் விறாந்தையில் யாராவது படிவத்தோடு உட்கார்ந்திருந்தால், போகிற போக்கில் நின்று, "எனக்கு ஒங்கட வாப்பாக்கிட்ட வேலயே வராது மகள்" என்பார். பெருமைதான். அதில் நியாயமும் இருந்தது. கண்டி இராச்சியத்தில் மாட்டுத் தவளங்களில், அதாவது பொதிமாட்டு வரிசைகளில், உப்பும் கருவாடும் மலைக்கு ஏற்றியவர்கள் முஸ்லிம்கள். அரண்மனைக்கு வைத்தியம் பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். "எங்கட ஆக்கள் ராசாவுக்கு உப்பு ஏத்தின ஆக்கள்" என்று நானா சொல்வார். அப்பா விட மாட்டார். "அந்த ராசாவயே ஏத்தி அனுப்பிட்டானுங்க நானா" என்பார். உண்மைதான். 1815இல் பிடிபட்ட கண்டியின் கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்க வம்சத்தவன். அவனையும் சொந்தங்களையும் 1816இல் கப்பலேற்றினார்கள். 1832இல் வேலூரில் செத்தான். ஒப்பாரிக் கோச்சிக்கு முன்னமே கண்டியிலிருந்து போன முதல் ஆட்கள் அவர்கள்தான் என்பது அப்பாவின் கணக்கு. ராசாவின் உறவுக்காரர் குடியிருந்த மலபார் வீதிக்கு இன்னும் அதே பெயர்.

7ஆம் இலக்கத்துக் கட்டில் ஒரே ஒரு மனு. அதுதான் பெட்டியின் கடைசி மனுவும்.

2018 மார்ச். திகனையில் தொடங்கிக் கண்டி மாவட்டம் முழுக்கப் பள்ளிவாசல்களும் முஸ்லிம் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. ஊரடங்கு, அவசரகாலச் சட்டம், முகநூலும் வாட்ஸப்பும் முடக்கம். நானாவின் மகனுடைய கடை திகனையில். மொத்தமும் போய்விட்டது. முஸ்லிம்களுக்கு எதிரான 1915 கலவரம் தொடங்கியதும் இதே கண்டியில்தான், காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலடியில். நானாவின் வாப்பா அப்போது குழந்தை. வீட்டில் அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லையாம்.

ஊரடங்கு தளர்ந்த மூன்றாம் நாள் நானா வந்தார். வழக்கமாக வாசலில் நிற்கிறவர் அன்றைக்குப் படியேறி, மனு எழுத வருகிறவர்கள் உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு எண்பது வயது. விரல் நடுக்கம். என்னை மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்தார். எரிந்த சரக்கின் விபரம், பெறுமதி, சாட்சி எல்லாம் நானா ஒவ்வொன்றாகச் சொல்ல, அப்பா அதை ஒழுங்காக்கிச் சொல்ல, நான் தட்டினேன். கடைசி வரிக்கு வந்ததும் அப்பா என்னைப் பார்த்தார். "அந்தச் சொல்லு வேணாம்" என்றார். தெரியும் என்றேன்.

பிறகு மனுதாரரின் விபரங்கள். பெயர். வயது. தொழில். இவ்விடத்தில் எவ்வளவு காலமாக வசிக்கிறார்.

நானா அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டார். நான் திரும்ப வாசித்தேன். அறுபது வருஷமாக எங்கள் விறாந்தையில் மற்றவர்கள் இந்தக் கேள்விக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு போனவர். பதில் சொல்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பல் வைத்தியரின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நெந்தா வாசலில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ராசா காலத்துல இருந்துன்னு போடுங்க" என்றார் நானா.

இப்படி எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், ஒரு வருஷ எண் வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அப்பா கையை உயர்த்தினார். நடுங்கும் விரலால் மெஷினைக் காட்டி, "அவர் சொன்னத அப்புடியே தட்டு பாப்பா" என்றார்.

தட்டினேன். காபன் பிரதியில் அந்த வரி மற்ற வரிகளைவிட அழுத்தமாக விழுந்திருக்கிறது.